மூலை மூடாத கட்டம்

இது நடந்தது. நம்புவதும் சிரிப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் பருத்திப்பட்டில் போய் பானுப்பிரியாவைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். பொய் சொல்ல வராததாலேயே இரண்டு இடத்தில் வேலையை விட்டவள் என்று சொல்வார்கள். அவள் வாயால் சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஒன்றும் கூட்டவில்லை.

பேய் என்றால் நள்ளிரவு, சுடுகாடு, நாய் ஊளை என்று காத்திருக்காதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், மெட்ரோ வேலை நடக்கிற இரைச்சலுக்கு நடுவில், ஏசி ஓடாத ஒரு ஃபிளெக்ஸ் கடையில்.

கடையின் பெயர் இஃபத் டிஜிட்டல்ஸ். முதலாளி அப்துல் ஜப்பார், மகளின் பெயரைக் கடைக்கு வைத்திருந்தார். பேனர் வடிவமைப்பது பானுவின் வேலை. அச்சடிக்கிற இயந்திரத்தை ஜப்பார் பாயே பார்த்துக்கொள்வார். வாசலில் கண்ணாடிக் கதவு, அதற்குக் கீழே இரண்டு படி. மெட்ரோ தூண்களின் சிமெண்டுத் தூசி அந்தப் படிகளில் மாவு போலப் படிந்திருக்கும். எத்தனை முறை கூட்டினாலும் அரை மணியில் மறுபடி படியும்.

அன்று காலையிலிருந்தே பானுவுக்கு எரிச்சல். முதலில் மின்சாரம் வந்து வந்து போனது. ஒவ்வொரு முறையும் யூபிஎஸ் கீச்சென்று கத்தியது. மஞ்சள் நீராட்டு விழா பேனருக்கு வந்த தாய்மாமன், தன் முகத்தை இன்னும் பெரிதாக்கு, இன்னும் பெரிதாக்கு என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் விழாப் பெண்ணையே மூலைக்குத் தள்ளிவிட்டார். அவரை அனுப்பி வைத்தபோது உச்சி வெயில் ஏறியிருந்தது.

அப்போதுதான் கதவுக்கு வெளியே அவனைப் பார்த்தாள்.

கீழ்ப்படியில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நீலச் சட்டை. தோள்பட்டையில் ஒரு கிழிசல், சிவப்பு நூலால் தைத்திருந்தது. நீலத்துக்குப் போய் சிவப்பு நூலா என்று அவள் கண்ணுக்கு உறுத்தியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ரோடு வெயிலில் கொதிக்கிறது, இவன் மட்டும் மழையில் நின்றவன் போல இருக்கிறான். மெட்ரோ வேலைக்காரன், லாரித் தண்ணீரில் குளித்துவிட்டு வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

எவ்வளவு எரிச்சலிலும் பானுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடை வாசலில் யார் வந்து உட்கார்ந்தாலும் தண்ணீர் வைத்துவிடுவாள். கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்தாள். கதவைத் திறந்து, மேல்படியில் அவன் பின்னால் வைத்தாள்.

"அண்ணே, தண்ணி."

அவன் திரும்பவில்லை. அவளுக்கும் நிற்க நேரமில்லை. உள்ளே வந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் ஒரு பையனும் ஒரு அம்மாவும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பானு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"படியில அந்த அண்ணன் மேல இடிச்சிடாம வாங்க."

பையன் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"எந்த அண்ணன்க்கா?"

எழுந்து போயிருப்பான் என்று நினைத்தாள் பானு.

அந்த அம்மாவின் பெயர் கன்னியம்மா. சென்னீர்குப்பம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை. கூட வந்தவன் கிஷோர், அவள் கணவனின் அண்ணன் மகன். கணவன் பெயர் செங்கல்வராயன், ஆக்டிங் டிரைவர். அதாவது எந்த லாரிக்கு ஆள் குறைகிறதோ அதில் ஏறிப் போகிறவர். போனால் பத்து நாள், பதினைந்து நாள். எந்த ஊர், யாருடைய லாரி என்று வீட்டுக்குத் தெரியாது.

இந்த முறை போன மறுநாளே, சென்னீர்குப்பம் ரோட்டில் ஏதோ வண்டி அடித்துப் போட்ட ஒரு உடல் கிடைத்தது. செங்கல்வராயனின் போனும் அணைந்து கிடந்தது. பெரியாஸ்பத்திரியில் அடையாளம் காட்டியவன் கிஷோர்.

"மூஞ்சியக்கூட பாக்க உடல கண்ணு," என்றாள் கன்னியம்மா. "நசுங்கிப் போச்சுன்னாங்கோ. துணில சுத்திக் குடுத்தாங்கோ. சட்டைய வெச்சித்தான் அவருன்னு..."

அவள் கை கழுத்துத் தாலியைப் பிடித்திருந்தது. பேசும்போதும் பிடித்திருந்தது, உட்காரும்போதும் விடவில்லை. மறுநாள் காரியம். பொழுது விடிவதற்குள் உறவுப் பெண்கள் கூடி அந்தத் தாலியை இறக்கிவிடுவார்கள். இன்னும் ஒரே ஒரு இரவுதான் அது அவள் கழுத்தில் இருக்கும். பானுவுக்கு அது புரிந்தது. அவள் நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே நகர்த்திப் போட்டாள்.

பந்தல் வாசலில் கட்ட கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும். சாயங்காலத்துக்குள்.

கிஷோர் போனை நீட்டினான். லாரி முன்னால் நின்று பல் தெரியச் சிரிக்கிற செங்கல்வராயன். பானு முகத்தை வெட்டி எடுத்தாள். வெள்ளைச் சட்டை மாட்டினாள், மாலை போட்டாள். அடியில் துக்கத்தில் வாடும் நண்பர்கள் வரிசை. அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது.

"அக்கா, பசங்க பேருக்கு முன்னாடி கிரீடம் போடணும்."

"சாவு பேனர்ல கிரீடமா?"

"எல்லாரும் கேக்குறானுங்கக்கா. அப்பால என் பேர இப்டி போடணும்." போன் விளையாட்டில் தான் வைத்திருந்த பெயரைக் காட்டினான். முன்னும் பின்னும் இறக்கை, சுழி, வாள். நடுவில் எங்கோ கிஷோர்.

பானு அதை எடுத்து ஒட்டினாள். வரிசையாகக் கட்டங்கள் வந்து விழுந்தன.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் கேட்கிற குறி அந்த எழுத்துருவில் இல்லையென்றால், கணினி அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டத்தைப் போட்டுவிடும். 'என்னிடம் இல்லை' என்று அது கை விரிக்கிற விதம் அது. பேனர் கடைக்காரர்களுக்கு அந்தக் கட்டத்தைக் கண்டாலே வயிறு எரியும். வேறு எழுத்துருவில் தேட வேண்டும், எழுத்துப் பெட்டியைத் திறந்து நூற்றுக்கணக்கான குறிகளில் அலைய வேண்டும்.

பானு அலைந்தாள். கிரீடம் கிடைத்தது. இறக்கை கிடைத்தது. வாள் கிடைக்கவில்லை.

"வாளெல்லாம் வேணாம் தம்பி. சித்தப்பாக்கு அஞ்சலி போடுறியா, சண்டைக்குப் போறியா?"

கிஷோர் முதன்முறையாகத் தலை குனிந்தான். "சரிக்கா... உட்டுடுங்க." சாப்பிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். கன்னியம்மா நாற்காலியிலேயே இருந்தாள். அவளுக்கு எதுவும் இறங்காது என்றாள்.

இனி இரண்டே குறிதான் பாக்கி. 'தோற்றம்' என்ற சொல்லுக்கு முன்னால் நட்சத்திரம், 'மறைவு' என்ற சொல்லுக்கு முன்னால் விளக்கு. அந்தக் கடையில் எல்லா அஞ்சலி பேனருக்கும் அதுதான் வழக்கம். இரண்டும் ஒரே குறி எழுத்துருவில் இருக்கின்றன. ஆயிரம் முறை போட்டிருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு போடுவாள்.

நட்சத்திரம் போட்டாள். வந்தது.

விளக்கு போட்டாள். வந்தது.

தேதியை அடித்துவிட்டு நிமிர்ந்தாள். விளக்கு இருந்த இடத்தில் கட்டம்.

"சே!"

அழித்தாள். எழுத்துப் பெட்டியைத் திறந்து, விளக்கைத் தேடி, இரண்டு முறை தட்டினாள். விளக்கு வந்து உட்கார்ந்தது. சேமித்தாள். கட்டம்.

போன வாரம் செய்த ஓர் அஞ்சலி பேனரைத் திறந்தாள். அதில் விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது. அதையே நகல் எடுத்து இங்கே ஒட்டினாள்.

கட்டம்.

நட்சத்திரம் நகரவில்லை. கிரீடங்கள் நகரவில்லை. கோணல்மாணலாக ஒட்டிய இறக்கைகூட அப்படியே இருந்தது. விளக்கு மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது.

கணினியை அணைத்துப் போட்டாள். எழுத்துருவை நீக்கி மறுபடி ஏற்றினாள். பேனரையே முதலிலிருந்து செய்தாள், எல்லாப் பெயரையும் மறுபடி அடித்து, எல்லாக் கிரீடத்தையும் மறுபடி வைத்து. கழுத்தெல்லாம் வியர்வை. அழுகை வருகிற எரிச்சல். பின்னாலிருந்து ஜப்பார் பாயின் குரல்.

"இன்னாமா பானு, ஒரு வெளக்கு வெக்க இவ்ளோ நேரமா?"

"வெக்கிறேன் பாய். நிக்க மாட்டேங்குது."

"காத்துல அணையுதா?" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக ஒரு வழி இருந்தது. எழுத்தாக இருந்தால்தானே மாறும்? விளக்கைப் படமாக்கிவிட்டாள். இனி அது எழுத்து இல்லை. வெறும் படம். எந்த எழுத்துருவுக்கும் அதன் மேல் அதிகாரம் இல்லை. தானாக மாற வழியே இல்லை.

கையை எடுத்தாள். திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண் சிமிட்டக்கூடாது என்று நினைத்தாள்.

மின்சாரம் ஒரு கணம் தடுமாறியது. யூபிஎஸ் கத்தியது. கீச்...

கட்டம்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று இருபது.

நாற்காலியைத் திரைக்கு இன்னும் அருகே இழுத்தாள்.

கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் அதைப் பெரிதாக்கிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. வெற்றுக் கட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

அது வெற்றாக இல்லை.

உள்ளே மூன்று புள்ளிகள் இருந்தன.

கணினி போடுகிற கட்டத்தின் கோடு நேராக இருக்கும். இது நடுங்கியிருந்தது. கையால் இழுத்த கோடு. மேல் வலது மூலையில் இரண்டு கோடும் சேரவில்லை. வரைந்தவர் பாதியில் கையை எடுத்தது போல ஒரு சின்ன இடைவெளி.

அவள் எழுத்துக்குக் கொடுத்த நிறம் வெள்ளை.

கட்டம் பச்சையாக இருந்தது. பழைய, தோலுக்குள் ஊறிய பச்சை...

"பாய்," என்றாள். மறுபடி, "பாய், இங்க வாங்களேன்."

ஜப்பார் பாய் வந்து குனிந்து பார்த்தார். அவருக்கு அது ஏதோ கோளாறு. "நேரம் ஆவுது. அது இருந்துட்டுப் போவுது. குடு, நான் அடிக்கிறேன்." பேனரை அச்சுக்கு அனுப்பிவிட்டு உள்ளறைக்குப் போனார்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. சர்ர்... சர்ர்... சர்ர்...

பானு கன்னியம்மாவைப் பார்த்தாள். அவள் கை தாலியில்தான் இருந்தது. கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கடைக்குள் மழை வாசனை அடித்தது.

வெளியே வெயில்.

சர்ர்... சத்தம் நின்றது.

"யா அல்லாஹ்!" உள்ளறையிலிருந்து கத்தல். "பானூ! இன்னாமா பண்ணி வெச்சிருக்க நீ?"

பேனரை இழுத்துக்கொண்டு வெளியே வந்து தரையில் விரித்தார். மேலே கண்ணீர் அஞ்சலி. சிரிக்கிற முகம், மாலை, கிரீடங்கள். எல்லாம் சரி.

பெயர் இல்லை.

பெரிய எழுத்தில் 'செங்கல்வராயன்' என்று இருக்க வேண்டிய இடத்தில், ஒரு முழ உயரத்துக்கு அந்தக் கட்டம். பச்சையாக. மூன்று புள்ளி. ஒரு மூலை திறந்து.

"நான் பேரு அடிச்சேன் பாய். பாருங்க, திரையில இருக்கு." இருந்தது. திரையில் பெயர் பளிச்சென்று இருந்தது. தரையில் இல்லை.

"ஒரு பேனர் பூரா வீணாப் போச்சு. இவ்ளோ நேரமா ஒரு வெளக்குக்கு..." அவர் கோபத்தில் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கிஷோர். கையில் தன் சித்திக்கு வாங்கி வந்த பன்னும் டீயும்.

தரையைப் பார்த்தான்.

டீ கீழே விழுந்தது.

"இத்த..." என்றான். "இத்த யாரு போட்டது?"

ஜப்பார் பாய் பானுவைப் பார்த்தார்.

"அக்கா, யாரு சொன்னது ஒனக்கு? நா யார்கிட்டயும் சொல்லவே இல்லியே..."

"இன்னாடா?" என்றாள் கன்னியம்மா.

"பெரியாஸ்பத்திரில துணிய வெலக்கிக் காட்டுனாங்க சித்தி. கையில... இதான் பச்ச குத்தி இருந்துச்சு. இதே மாதிரி. மூல மூடாம. சித்தப்பா எங்கனா லாரில போவ சொல்ல குத்திகினாருன்னு நெனச்சேன்."

கன்னியம்மா எழுந்து நின்றாள்.

"எந்தக் கையி?"

"சோத்துக் கையி. முழங்கைக்குக் கீழ."

"பழசா? புச்சா?"

"பழசு சித்தி. சின்ன வயசுல குத்துன மாதிரி... மங்கி..."

"இருவத்தாறு வருசம்," என்றாள் அவள். மெதுவாகத்தான் சொன்னாள். "அந்தக் கைக்கி எண்ண தேச்சி உடறவ நானு. ஒரு மச்சங்கூட கெடையாதுடா அதுல. சட்டையப் பாத்தவன் அந்தக் கையப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?"

"சித்தி... அளுதுகினு இருந்த. எப்டிக் கேப்பேன்?"

அவள் தாலியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"நா கழட்ட மாட்டேன்."

"சித்தி, பந்தல் போட்டாச்சு. சமையலுக்குச் சொல்லியாச்சு. ஊரே வருது..."

"பந்தலப் பிரி."

அவர்கள் போன பிறகு பானு திரையைப் பார்த்தாள். மறைவு என்ற சொல்லுக்கு முன்னால் விளக்கு இருந்தது. வெள்ளை நிறத்தில், சாதுவாக, எப்போதும் அங்கேயே இருந்தது போல. அவள் கணினியை அணைத்தாள்.

கதவைப் பூட்டும்போது மேல்படியில் டம்ளர் இருந்தது. காலி. கீழ்ப்படியில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு ஈரம். யாரோ தண்ணீரைக் கொட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போனாள்.

அதற்கடுத்த நான்கு நாட்கள் கன்னியம்மா பட்டதைச் சொல்லி முடியாது. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். பேனர் கடைக்காரி தப்பாக அடித்ததற்கு இவள் சாமியாடுகிறாள் என்றார்கள். பந்தல்காரன் வாசலில் வந்து சத்தம் போட்டான். காவல் நிலையத்தில் கிஷோர் சொன்னதைக் கேட்டு, எரித்த பிறகு வந்து என்னப்பா கதை சொல்கிறாய் என்று விரட்டினார்கள். மாமியார் வழிப் பெண்கள் அவள் பொட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் எதற்கும் வாய் திறக்கவில்லை. காலையில் குளித்தாள், பொட்டு வைத்தாள், சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். பானுவும் தினம் வேலை முடிந்ததும் அங்கே போய், பேசாமல் கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் இருந்துவிட்டு வருவாள். தன் பேனரால் வந்த வினை என்று அவளுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த அம்மாவின் நம்பிக்கை பொய்யாகிவிட்டால்?

ஐந்தாம் நாள் சென்னீர்குப்பம் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு ஒரு ஆள் இறங்கினார். தோளில் ஒரு மூட்டை ஆரஞ்சுப் பழம். டீக்கடைச் சுவரில் தன் முகம் போட்ட துக்கக் காகிதத்தைப் பார்த்து நின்றார்.

"இன்னாடா இது, கருமம்," என்று அவர் சத்தமாகச் சொன்னதும், டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் குவளையைப் போட்டுவிட்டு ஓடினான். தெருவில் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். கன்னியம்மா மட்டும் கதவைத் திறந்தாள்.

நாக்பூர் பக்கம் லாரி பழுதாகி நின்றுவிட்டது. போனை ஒரு தாபாவில் எவனோ அடித்துப் போய்விட்டான். வீட்டு நம்பர் மனப்பாடமாகத் தெரியாது. இவ்வளவுதான் அவர் கதை.

மறுநாள் மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். ஜப்பார் பாய் அவர் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். "சூடாத்தான்யா கீது!" என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். செங்கல்வராயன் மேசை நிறைய ஆரஞ்சைக் கொட்டினார். சிரித்தார். பானு அந்தக் குறியை ஒரு தாளில் வரைந்து காட்டியதும் அவர் சிரிப்பு நின்றது.

"அந்த ஊமையன்," என்றார்.

வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று இரவு சென்னீர்குப்பத்தில் லாரிக்காகக் காத்திருந்தபோது நல்ல மழை. பஸ் நிறுத்தத்தின் ஓரத்தில் சட்டையில்லாமல் ஒருவன் நடுங்கிக்கொண்டு நின்றான். பையில் மாற்றுச் சட்டை இருந்ததால், போட்டிருந்ததையே கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டார்.

"பாவமாக் கீதேன்னு குத்தேன்மா. பேரு இன்னா நைனான்னு கேட்டேன். பேச்சு வரல. கையத் தூக்கி இத்தக் காட்டுனான். எந்த ஊருன்னு கேட்டேன், அதுக்கும் இத்தத்தான் காட்டுனான். அவனுக்கு எல்லாமே இதான்."

ஒரு சட்டை கொடுத்தவரின் வீட்டில் ஒரு தாலி தப்பியது. கடவுள் கணக்கை யாரைக் கொண்டு தீர்க்கிறார் என்று நமக்கு என்ன தெரியும்?

"அந்தப் புள்ளைக்கு நாமளே காரியம் செய்யணும்," என்றாள் கன்னியம்மா. "பந்தல்காரனத் திரும்பக் கூப்புடுறேன். கண்ணு, நீ ஒரு பேனர் அடிச்சிக் குடு."

பானு உட்கார்ந்தாள். எழுத்துப் பெட்டியைத் திறந்து முதலிலிருந்து கடைசி வரை தேடினாள். அப்படி ஒரு குறி அந்த எழுத்துருவில் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. தாளில் வரைந்ததைத்தான் படமெடுத்துப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். புகைப்படம் இல்லை. தோற்றம் தெரியாது என்பதால் நட்சத்திரம் இல்லை. மறைவு என்று அடித்து, விளக்கு போட்டாள்.

காத்திருந்தாள்.

விளக்கு அசையவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். பின்னால் கன்னியம்மா கணவனை விசாரித்துக்கொண்டிருந்தாள், பழைய அதிகாரம் குரலுக்குத் திரும்பியிருந்தது.

"எந்தச் சட்டையக் குத்த? அந்த நீலமா?"

"ஆமா."

"தோள்ல கிழிஞ்சதா? நீல நூலு இல்லன்னு நான் செவப்பு நூலுல தெச்சேனே, அதுவா? நல்லதா ஒண்ணு குடுக்கக் கூடாது?"

"மழைல அத்தயெல்லாமா பாப்பாங்கோ?"

பானுவின் விரல் தோலிலேயே நின்றது.

"கிஷோரு," என்றாள். "அந்தச் சட்டை இப்ப எங்க?"

"அந்த ஒடம்போடதான்க்கா எரிச்சோம். அன்னிக்கே."

அன்றைக்கே. அவர்கள் பேனருக்கு வந்ததற்கு ஒன்பது நாள் முன்னால்.

பானு கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. சிமெண்டுத் தூசி காற்றில் சுழன்று மேல்படியெல்லாம் மாவாகப் படிந்துகொண்டிருந்தது.

இன்றும் அவள் காலையில் வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து அங்கே வைக்கிறாள். மதியத்துக்குள் காலியாகிவிடும். காக்கை குடிக்கும் என்பார் ஜப்பார் பாய். சொல்லிவிட்டு, அந்தப் படியைத் தாண்டும்போது வாய்க்குள் ஒரு துஆ ஓதுவார்.

கீழ்ப்படியில் மட்டும் தூசி படிவதில்லை. ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம்...

எந்த வெயிலிலும் அது காய்வதில்லை.